மூன்றாவது கதவு

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது என்பதை, அழைப்பிதழ் வருவதற்கு முன்பே ஒழுங்கைச் சனங்கள் அறிந்துகொள்வார்கள். தளபாடம் ஏற்றிய லொறி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து ஒழுங்கைக்குள் வரும். மட்டையும் பொலித்தீனும் சுற்றிய பெரிய பலகைகளை நாலு பேர் பிடித்து இறக்குவார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள். பொலித்தீனைக் கிழித்ததும் அந்தப் பிள்ளைகளின் முகங்களே அலுமாரிக் கதவில் தெரியும். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். என்ன நிறம், எத்தனை கதவு என்ற செய்தி அஸர் பாங்குக்கு முன்பே பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நீளும் இந்தக் கடற்கரையோரத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. கொழும்புத் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ உங்களுக்கு ராஜ வாழ்க்கைதான்" என்றாள். அந்த வீட்டைக் கட்டுவதும் நிரப்புவதும் பெண்ணைப் பெற்றவர்களின் தலையில் விழுகிற கதையை அவளுக்குச் சொல்லி முடிக்க அன்றைய இடைவேளை போதவில்லை.

நிரப்புகிற சாமான்களில் ஆக அதிகம் பார்க்கப்படுவது மணமக்களின் அறை. கல்யாணத்துக்கு முன்னர் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். கல்யாணத்தன்று எல்லோரும் பார்ப்பார்கள். குசினியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அறையில் அலுமாரி மினுங்குகிறதா என்பதுதான் கேள்வி. இந்த மினுக்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். என் ராத்தாவின் அறையை ஒழுங்குசெய்த மூன்று மாதங்களில் நான் கற்றதை எந்தப் பாடத்திலும் கற்றிருக்க முடியாது.

பாடத்தில் படித்த ஒன்று மட்டும் உதவியது. திசைச்சொற்கள் படித்தபோது, அலுமாரியும் கதிரையும் மேசையும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை என்றும், லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்றும் அறிந்தோம். நம்முடைய பழைய சொல் பெட்டகம். பெட்டகம் தரையோடு படுத்திருக்கும். மூடியைத் திறந்து குனிந்து தேட வேண்டும். அலுமாரி எழுந்து நிற்கும். எழுந்து நின்ற நாளிலிருந்து அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது. முகம் வந்தபின் அதற்கு ஒப்பனையும் வேண்டும்தானே.

ராத்தா தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, 2023 இல் கல்யாணப் பேச்சு முடிந்தது. மச்சான் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு மாத விடுமுறையில் வந்து, கல்யாணம் முடித்துத் திரும்பிப் போக வேண்டியவர். ராத்தா படிப்பைத் தொடரலாம் என்று இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டார்கள். பேச்சுத்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனபடியால் அந்த அறை இரண்டு மாதம் மணமக்களின் அறையாகவும், அதன்பின் நீண்ட காலம் ஒரு மாணவியின் அறையாகவும் இருக்கப்போகிறது என்பது ராத்தாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எங்களில் வேறு யாருக்கும் அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

கடைக்குப் போனோம். வாப்பா, உம்மா, ராத்தா, நான். கடைகளில் இப்போது அறைச் சாமான்களைத் தனித்தனியாகக் காட்டுவதில்லை, செட்டாகத்தான் காட்டுகிறார்கள். கட்டில், மூன்று கதவு அலுமாரி, கண்ணாடி மேசை, கட்டிலின் இரு பக்கமும் வைக்கிற சின்னப் பெட்டிகள் இரண்டு. எல்லாம் ஒரே நிறம், ஒரே மினுக்கம். மேலே வரிசையாக லைட் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. உம்மா ஒரு கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பதிந்த விரல் அடையாளத்தை உடனே முந்தானையால் துடைத்தார். கடைக்காரத் தம்பி, "பரவால்ல மாமி, இன்னும் நூறு பேர் தொடுவாங்க" என்றார்.

ராத்தா கைப்பையிலிருந்து வாப்பாவின் அளவு நாடாவை எடுத்தாள். கண்ணாடி மேசையை அளந்தாள்: ஆழம் 16 அங்குலம். "இதுல லெப்டொப்ப வெச்சா புத்தகத்த எங்க வைக்கிற?" என்று கேட்டாள். கடைக்காரத் தம்பி சிரித்தார். "தங்கச்சி, இது பவுடர் வைக்கிற மேசை."

அடுத்து அலுமாரியைத் திறந்து உடுப்புத் தொங்கவிடுகிற பக்கத்தை அளந்தாள். கம்பியிலிருந்து கீழ்த்தட்டு வரை 40 அங்குலம். சேட்டுக்கும் ரவுசருக்கும் அது போதும். எங்கள் அபாயாக்கள் 56, 58 அங்குல நீளம். தொங்கவிட்டால் கீழே மடிந்து கிடக்கும். இந்த அலுமாரியை யாருடைய உடுப்பை நினைத்துக்கொண்டு வரைந்தார்களோ தெரியாது, எங்களுடையதை நினைத்து வரையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தர்க்கம் தொடங்கியது. ராத்தாவுக்குக் கண்ணாடி மேசை வேண்டாம். எழுதுகிற மேசையும் புத்தகத் தட்டும் வேண்டும். உம்மாவுக்குச் செட் முழுதாக வேண்டும். "செட்டுல ஒண்ட விட்டுட்டு எடுத்தா ஆக்கள் என்ன கதைப்பாங்க? சல்லி இல்லாம விட்டுட்டாங்க எண்டுதான் கதைப்பாங்க." உம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்தது மேசைக்காக அல்ல, வாப்பாவுக்காக. வாப்பா பாடசாலையொன்றில் எழுதுவினைஞர். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனபோது, வெளிநாட்டுப் பலகையும் பிணைச்சலும் பூச்சும் எல்லாம் விலை ஏறிவிட்டன. சம்பளம் அப்படி ஏறவில்லை. செட்டின் விலையை இங்கே எழுதினால் வாப்பாவுக்குப் பிடிக்காது. அவர் அன்று இரவு இரண்டு தடவை எழும்பித் தண்ணீர் குடித்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இந்த இடத்தில் உம்மம்மாவின் அலுமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதிரை மரத்தில் செய்தது. முதிரை சீவினாலே இலேசாகப் பட்டுப்போல மினுங்குகிற மரம். அதற்குமேல் ஓடாவியார் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துச் சுற்றிய துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து மினுக்கம் ஏற்றியிருக்கிறார். ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. ஒரு பூச்சுக் காய்ந்தபின் மற்றப் பூச்சு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அந்த அலுமாரி அறைக்குள்ளேயே மிதந்து, கதவு நிலையில் குறுக்காகச் சிக்கி நின்றதாம். உள்ளே இருந்த உடுப்பு, காணி உறுதி, உம்மம்மாவின் கல்யாணச் சேலை எல்லாம் சேறாகிவிட்டன. அலுமாரியை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, நிழலில் கனநாள் காயவிட்டு, ஓடாவியாரைக் கூப்பிட்டுச் சீவி மறுபடி பொலிஷ் அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கப் பலகையில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் மங்கலாகத் தெரியும்.

"அதையே ராத்தாட அறையில வெச்சா என்ன?" என்று நான் கேட்டேன். உம்மம்மாவே மறுத்துவிட்டார். "அது எண்ட மையத்துக்குப் பொறகு. இப்ப எண்ட உடுப்ப எங்க வைக்கிற?" என்றார். சரியான நியாயம். பழையதை எல்லாம் பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு மூலையில் இருக்க வேண்டும் என்று வயதானவர்களிடம் எதிர்பார்க்கிறோம். அவருக்கும் உடுப்பு இருக்கிறது.

கடைசியில் வழி காட்டியது வாப்பாவின் கூட்டாளி ஒருவர். ஊரில் பலகை வேலை செய்கிற பட்டறை வைத்திருப்பவர். செட்டுக்குக் கொடுக்கிற சல்லியில் முக்கால்வாசிக்கு, அறையின் அளவுக்கே அலுமாரியைச் செய்து தரலாம் என்றார். மினுக்கமும் கடைச் சாமான் மாதிரியே இருக்கும். நாங்கள் மூன்று சனிக்கிழமைகள் அந்தப் பட்டறைக்குப் போனோம்.

அங்கே முதலில் தெரிந்துகொண்டது, மினுக்கமெல்லாம் ஒன்றல்ல என்பது. சிப்போட் என்பது மரத்துண்டுகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. எம்.டீ.எஃப். என்பது மரத்தைப் பஞ்சுபோல நாராக்கி, பசை சேர்த்து, சூட்டில் அழுத்தியது. அதன் முகம் வழவழப்பாக இருப்பதால் மினுக்கப் பூச்சுக்கு அதுதான் ஏற்றது. அதன்மேல் பெயின்ற் விசிறலாம், அல்லது அக்ரிலிக் தகடு ஒட்டலாம். கவனமில்லாமல் விசிறினால் மினுக்கம் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி சொன்னார்: ரியூப் லைட்டின் பிம்பத்தைக் கதவில் பார்க்க வேண்டும். கோடு நேராகத் தெரிந்தால் பரப்பு நல்லது. நெளிந்தால் வேலை சரியில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அலுமாரிக் கதவில் லைட்டைத்தான் தேடுகிறது. கெட்ட பழக்கம்தான், ஆனால் விடமுடியவில்லை.

இரண்டாவது, இந்தப் பலகைகளுக்குத் தண்ணீர் எதிரி. முகத்தில் ஒன்றும் ஆகாது, ஓரத்தில்தான் ஆபத்து. ஓரத்தில் ஒட்டுகிற பட்டி கழன்று உள்ளே ஈரம் போனால் பலகை பாண் மாதிரி ஊதிவிடும். ஊதினால் பழைய நிலைக்கு வராது. எங்கள் சாச்சியின் வீட்டில் வாங்கி இரண்டு வருடமாகாத அலுமாரி ஒன்றின் அடிப்பாகம் அப்படித்தான் ஊதி, கதவு மூடாமல் நிற்கிறது. எங்கள் ஊரில் வீடு கழுவுவதென்றால் வாளியால் அள்ளி ஊற்றித்தான் கழுவுவார்கள். அதனால் எங்கள் அலுமாரிக்கு 4 அங்குல உயரத்தில் கால் வைக்கச் சொன்னோம். சுவரோடு ஒட்டாமல் பின்னால் காற்றுப்போக இடைவெளியும் விட்டோம். வாடைக் காலத்தில் சுவர் குளிர்ந்து ஈரம் பிடிக்கும். ஒட்டிவைத்தால் உள்ளே உடுப்பெல்லாம் பூஞ்சணம்.

உம்மம்மாவின் அலுமாரியையும் இதையும் மனதுக்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரக்குப் பொலிஷ் மங்கினால் மறுபடி ஏற்றலாம். அக்ரிலிக்கின் மினுக்கம் வந்த முதல் நாளில்தான் உச்சம். அதன்பின் கீறல் விழுமே தவிரப் பழைய நிலைக்கு வருவது கடினம். ஒன்று உழைத்து ஏறுகிற மினுக்கம், மற்றது வரும்போதே கொண்டுவருகிற மினுக்கம். இதைச் சொன்னபோது ராத்தா, "எனக்கு நாலு வருசம் நிண்டாப் போதும், டிகிரி முடிஞ்சிரும்" என்றாள்.

அலுமாரியின் படம் அவளே கீறியது. அகலம் 7 அடி, ஆழம் 2 அடி, மூன்று கதவு. முதல் கதவுக்குள்ளே மேலிருந்து கீழ்வரை 60 அங்குலம் தடையில்லாமல் தொங்குகிற இடம், அபாயாவும் சேலையும். கதவின் உட்பக்கத்தில் ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடி மேசையின் வேலை அதோடு முடிந்தது. இரண்டாவது கதவுக்குள்ளே மச்சானுக்கு: தட்டுகள், மூன்று லாச்சி, கீழே பயணப் பெட்டி வைக்க வெறும் இடம். மூன்றாவது கதவுக்குள்ளேதான் விசயம். மேலே நாலு புத்தகத் தட்டுகள். கீழே 29 அங்குல உயரத்தில் ஒரு பலகை. லாச்சி போல இழுத்தால் வெளியே வந்து மேசையாகும். தள்ளினால் உள்ளே போய்விடும். கதவை மூடினால் எல்லாம் ஒரே மினுக்கம்.

புத்தகத் தட்டின் நீளத்தைப் பட்டறைக்காரர் 28 அங்குலத்துக்குமேல் போகவிடவில்லை. சேலையை நம்பித் தட்டை நீளமாக வைக்கலாம், புத்தகத்தை நம்பி வைக்க முடியாது, நடுவில் தொய்ந்துவிடும் என்றார். புத்தகம் இவ்வளவு பாரமா என்று உம்மா ஆச்சரியப்பட்டார்.

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது, இப்போதும் இருக்கிறது. படிப்பை ஏன் கதவுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும்? மேசையை யன்னலடியில் எல்லோரும் பார்க்கப் போட்டால் என்ன? ராத்தாவிடம் கேட்டேன். "மூடி வைக்கிறதுக்குத்தானேடி அலுமாரி" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "திறக்கிற சாவி எண்ட கையில இரிக்கி. அதுதான் முக்கியம்" என்றாள். அவள் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமுடியாது. ஆனால் அறை அவளுடையது.

அடுத்த சிக்கல், எந்தச் சுவரில் வைப்பது. வீட்டு அலங்காரம் சொல்கிறவர்கள் எல்லோரும் மினுக்கமான கதவை யன்னலுக்கு நேரெதிரே வைக்கச் சொல்வார்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, அறை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மைதான், 12 அடிக்கு 11 அடி அறைக்கு அது நல்ல யோசனை. ஆனால் எங்கள் யன்னல் கிழக்கே, கடற்பக்கம். அதற்கு எதிர்ச்சுவர் மேற்குச்சுவர். இங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சரிந்த திசை. அந்தச் சுவரில் அலுமாரியை வைத்தால் தொழுகைக்கு நிற்கும்போதெல்லாம் எதிரே தன் உருவமே தெரியும். ருகூவுக்குக் குனிந்தால் கதவிலும் ஒருத்தி குனிவாள். மனம் எப்படி ஒருமுகப்படும்? எந்த அலங்காரப் புத்தகத்திலும் இதற்கு விடை இருக்காது. நாங்கள் அலுமாரியைத் தெற்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். வெளிச்சம் பக்கவாட்டில் படும். மேற்குச் சுவரை வெறுமையாகவே விட்டோம். முஸல்லா விரிக்கத் தாராளமாக இடம் கிடைத்தது.

தெற்குச் சுவரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்காக உதிக்கும்போது காலை வெயில் யன்னலால் சரிந்து வந்து அந்தச் சுவரில் விழும். வெள்ளை மினுக்கம் வெயில் பட்டுப்பட்டு மஞ்சளாகக்கூடும். அதனால் யன்னலுக்குத் தடித்த சீலை தேவைப்பட்டது. அதற்கு நாங்கள் தூரம் போகவில்லை. மருதமுனை கைத்தறி இருக்கும்போது யார் வழுவழுப்பான பொலியஸ்டர் சீலைக்குச் சல்லி கொடுப்பார்கள்? உண்மையில் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் நெய்த துணியை வெளியூர்க்காரர் தேடிவந்து வாங்க, நாங்கள் கல்யாண வீட்டுக்குப் பளபளக்கிற சீலையைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. அறையை அழகுபடுத்துகிற பொறுப்பை ராத்தா என்னிடம் தந்தாள். நான் வைத்த விதி ஒன்றே ஒன்று: அறையில் மினுங்குவது அலுமாரி மட்டும்தான். மினுக்கத்துக்குப் பக்கத்தில் மினுக்கத்தை வைத்தால் இரண்டும் கத்தும். மினுக்கத்துக்குப் பக்கத்தில் சொரசொரப்பை வைத்தால் இரண்டும் பேசும். அதனால் சுவருக்கு மினுக்கமில்லாத பெயின்ற், மணல் நிறம். கட்டில் சாதாரண மரம், மங்கலான பூச்சு. கட்டில் விரிப்பும் யன்னல் சீலையும் கைத்தறி. ஒன்று நீலக் கோடு போட்டது, மற்றது பழுப்பு வெள்ளை. தரையில் கம்பளத்துக்குப் பதிலாகப் பன்பாய். அந்தப் பாயின் பின்னல் அலுமாரியின் கதவில் மங்கலாகத் தெரியும்போது, கதவுக்கே ஒரு நெசவு வந்ததுபோல இருக்கும்.

கதவின் நிறத்தில் சுத்த வெள்ளை வேண்டாம் என்று நின்றேன். சுத்த வெள்ளை மினுக்கத்தை நீலம் பாய்ந்த வெள்ளை லைட்டில் பார்த்தால் ஆஸ்பத்திரி நினைவுதான் வரும். தேங்காய்ப்பால் நிறம் எடுத்தோம். கறுப்பையும் கடும் சிவப்பையும் பட்டறைக்காரரே தடுத்தார். கடும் நிறத்தில் தூசும் விரல் அடையாளமும் இரண்டு மடங்கு தெரியுமாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் வீடுகளில் காலையில் துடைத்த மேசையில் பகலில் பெயர் எழுதலாம். கூரை நடுவில் இருந்த ரியூப் லைட்டை அறையில் வைத்துக்கொண்டோம், ஆனால் இரவில் எரிவது கட்டில் பக்கத்து மஞ்சள் மின்குமிழ்தான். அந்த வெளிச்சத்தில் கதவு மினுங்காது, கனியும்.

அலுமாரி வந்திறங்கிய அன்று, கதவின்மேல் ஒட்டியிருந்த மெல்லிய பாதுகாப்புத் தாளை உரிக்க உம்மா விடவில்லை. கல்யாணம் வரை இருக்கட்டும், கீறல் விழும் என்றார். சூட்டில் கனநாள் விட்டால் அந்தத் தாளின் பசை கதவோடு பிடித்துக்கொள்ளும் என்று பட்டறைக்காரர் சொல்லித்தான் விட்டார். மூலையிலிருந்து மெதுவாக உரித்தோம். உள்ளே புதுப்பலகையின் பசை வாசம் மூக்கில் அடித்தது. அது உடம்புக்கும் நல்லதல்ல. இரண்டு வாரம் கதவுகளையும் யன்னலையும் திறந்தே வைத்தோம்; உடுப்பு வைத்தது அதற்குப் பிறகுதான்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஏழு பேரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். அறைக்குள் வந்ததும் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. மச்சானின் சாச்சி ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மேச இன்னும் வரல்லயா?" என்று கேட்டார். உம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. ராத்தா முதல் கதவைத் திறந்து உள்ளே இருந்த கண்ணாடியைக் காட்டினாள். சின்னப் பிள்ளை ஒன்று அதில் தன்னைப் பார்த்து ஆடத் தொடங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மாமி, அதாவது மச்சானின் உம்மா, தானாகவே நடந்து போய் மூன்றாவது கதவைத் திறந்தார். புத்தகங்கள் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. பலகையை இழுத்துப் பார்த்தார். வந்தது. தள்ளினார். போனது. இன்னொரு தரம் இழுத்தார்.

"எப்ப மகள் படிப்பு முடியிற?"

"வாற வருசக் கடைசியில மாமி."

மாமி அலுமாரிக்குள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். "இது இருட்டாயிரிக்கே. ராவையில எப்பிடிப் படிக்கிற? உள்ளுக்கு லைட் ஒண்டு போடச் சொல்லுங்க." உம்மாவின் பக்கம் திரும்பி, "அத நாங்க போட்டுத் தாறம்" என்றார்.

எழுத்தில் இல்லாத அந்தப் பேச்சுக்கு அன்றுதான் ஒரு கையெழுத்து விழுந்ததாக எனக்குப் பட்டது. இதைப் பெரிதாக்கக் கூடாது. அதே மாமிதான் போகும்போது கட்டில் ஏன் மினுங்கவில்லை என்றும் கேட்டார்.

லைட்டை மச்சானே வந்து பூட்டினார். தட்டின் அடியில் ஒட்டுகிற பட்டி லைட். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். அதன் வயரை வெளியே கொண்டுபோகப் பின்பலகையில் ஒரு துளை போட்டார்கள். துளையின் ஓரத்துக்கு ஈரம் போகாமல் பசை வைத்தார்களா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். மச்சான் என்னைப் பார்த்து, "இவ பட்டறைக்காரர்ர மகளா?" என்றார்.

இப்போது மச்சான் கட்டாரில். ராத்தா தினமும் பஸ்ஸில் ஒலுவிலுக்குப் போய் வருகிறாள். அலுமாரியைத் துடைப்பது என் வேலை. காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, தூசில் இருக்கிற மணல் மெல்லிய கீறல் போட்டுவிடும். முதலில் மென்மையான துணியால் தூசைத் தட்டிவிட்டு, ஈரத்துணியில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, உடனே காய்ந்த பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணாடி துடைக்கிற நீலத் திரவத்தைப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. அதில் அமோனியா கலந்திருந்தால் அக்ரிலிக் காலப்போக்கில் மங்கி வெடிக்கும்.

முதலாம் இரண்டாம் கதவுகள் இன்னும் வந்த நாள் மாதிரியே இருக்கின்றன. மூன்றாவது கதவின் வலது ஓரம், நெஞ்சு உயரத்தில், ஒரு கையளவுக்கு மங்கிவிட்டது. கைபிடி இல்லாத கதவு. ஒரு நாளில் எத்தனை தடவை அழுத்தித் திறக்கிறாளோ. எவ்வளவு துடைத்தாலும் அந்த இடம் மட்டும் மற்றக் கதவுகளோடு சேராது. உம்மா அதைப் பார்த்து, ஆக்கள் வரும் நேரத்தில் தெரியாமல் இருக்க ஏதாவது ஒட்டச் சொன்னார். ராத்தா பட்டறைக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வந்து, அந்தக் கதவுக்கு மட்டும் முதிரையில் ஒரு கைபிடி பூட்டுவார். மரத்துண்டு உம்மம்மா கொடுத்தது. எங்கிருந்து எடுத்தார் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.